ஐந்தாவது சக்கரத்தின் தேசிக்காய்

டயகமவில் பனிமூட்டத்துக்கு நேரம் காலம் கிடையாது. நினைத்தபோது வரும், நினைத்த இடத்தில் படுத்துக்கொள்ளும். அந்த வருடம் காலையில் ஜீப்பைக் கிளப்பும்போதெல்லாம் எனக்கு முதலில் தெரிந்தது ஒரு மஞ்சள் விளக்குதான். ஸ்டியரிங்குக்குப் பின்னால், நகத்தளவு. டயரில் காற்று குறைந்தால் எரிகிற விளக்கு.

அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கும் என்றால் சிரிப்பீர்கள். வெளியே மலையும் இல்லை, தேயிலையும் இல்லை, தோட்டத்து லய வீடுகளும் இல்லை. எல்லாம் வெள்ளை. உள்ளே அந்த ஒரு துளி மஞ்சள் மட்டும். கண் சொக்கிப்போகும். நான் ஏற்றிப்போய் ஊர் காட்டவேண்டிய பயணிகள் காத்திருப்பார்கள் என்ற நினைவே வராது.

என் மனைவிக்கு அந்தச் சொக்கெல்லாம் கிடையாது. "அது என்னங்க எரியுது?" என்று ஒருநாள் கேட்டாள். நானும் யோசிக்காமல், "டயர்ல காத்து கொறைவாம்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவளுடைய அண்ணன் இறந்தது டயர் வெடித்துக் கவிழ்ந்த வேனில். நானுஓயாவுக்கு முன்னால் வருகிற ஒரு வளைவில்.

அவள் அப்போது மாசமாக இருந்தாள். வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. "அந்த லைட்டு அணையிற வரைக்கும் நான் இதுல ஏற மாட்டேங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். நுவரெலியா கிளினிக்குக்கு பஸ்ஸில் போனாள். ஊர் பேர் தெரியாத வெள்ளைக்காரர்கள் என் ஜீப்பில் சாய்ந்து உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டு வருவார்கள். என் பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டு போவாள். ஒருமுறை அந்த பஸ்ஸை முந்திப் போகவேண்டி வந்தது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

விளக்கை அணைக்க நானும் படாத பாடு பட்டேன். கண்ட டயர்க்கடையில் எல்லாம் நிறுத்திக் காற்று பார்த்தேன். நான்கு சக்கரமும் கல்லு மாதிரி இருந்தன. விளக்கு அணையவில்லை. சாவியைத் திருப்பியதும் கொஞ்ச நேரம் சிமிட்டும், பிறகு அசையாமல் எரியும். "ஒங்களப் பாத்துக் கண்ணடிக்குது" என்றாள் அவள். கோபத்திலும் அவளுக்குக் கேலி குறையாது.

ஜீப்போடு வந்த கையேடு ஜப்பான் மொழியில் இருந்தது. அட்சரம் புரியாது. ஒரு மழைநாளில் ஜீப்புக்குள் உட்கார்ந்து அதைப் படம் பார்க்கிற பிள்ளை மாதிரி புரட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. பாதி தூக்கம். ஒரு பக்கத்தில் ஜீப்பின் படம். ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் அலை அலையாகச் சின்னக் கோடுகள் போட்டிருந்தார்கள். பின்கதவில் தொங்கிய ஸ்பெயார் வீலுக்குப் பக்கத்திலும் அதே கோடுகள். தூக்கம் பறந்துவிட்டது. இத்தனை நாளும் தரையில் நிற்கிற நான்கைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்!

மறுநாளே நுவரெலியாவில் எனக்குப் பழக்கமான முஸ்லிம் அண்ணன் ஒருவரின் டயர்க்கடைக்குப் போனேன்; நானா என்றுதான் கூப்பிடுவேன். விளக்கு சிமிட்டுகிறது என்றதும் அவர், "சிமிட்டினா காத்துக் குறைவில்ல தம்பி. எதோ ஒரு டயருக்குள்ள காத்தளக்குற சென்சர் பேசுது இல்ல" என்றார். கையடக்கமான ஒரு கருவியைச் சக்கரத்துக்குச் சக்கரம் காட்டினார். நான்கும் கீச்சென்று பதில் சொல்லின. பின்கதவுக்குப் போனோம். ஐந்தாவது வாய் திறக்கவில்லை.

அதன் வால்வில் தேசிக்காயும் கொச்சிக்காயும் கோத்த சரம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

எலுமிச்சையும் மிளகாயுமாக, கண் படாமலிருக்க என் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் கட்டுகிற சரம் அது. எல்லோரும் வண்டிக்கு முன்னால்தான் கட்டுவார்கள். இவள் பின்னால் கட்டுவாள். கேட்டதற்கு, "முன்னால வர்றது ஒங்க கண்ணுக்குத் தெரியும். பின்னால வர்றதுக்குத்தாங்க இது" என்றாள். சரம் மாட்ட அங்கே நீட்டிக்கொண்டிருந்தது அந்த வால்வு ஒன்றுதான். தோட்டத்து ரோட்டின் ஒவ்வொரு குழிக்கும் தேசிக்காய் சக்கரத்தில் மோதி நசுங்கி, சாறு வால்வில் இறங்கியிருக்கிறது. வாரா வாரம் புதுக்காய், புதுச்சாறு. நானா சரத்தை மரியாதையாக அவிழ்த்து என் கையில் தந்துவிட்டு வால்வைக் கழற்றினார். வெள்ளையாகப் பூத்து, அரித்துப்போய் இருந்தது. அதோடு ஒட்டியிருந்த சென்சருக்குள்ளும் ஈரம் போயிருந்தது.

"கட்டுறதக் கட்டுங்க தம்பி. இதுல மட்டும் வேணாம்" என்றார்.

புதுசு கொழும்பிலிருந்து வந்து மாட்டியதும் விளக்கு அணைந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே வந்தேன். ஆனால் பழைய வால்வை முன்னால் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்ததை மறந்துவிட்டேன். அவள் எடுத்தாள். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"நான் கட்டினதாலயா?"

"ஆமா."

அவள் வால்வை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இனி இந்த ஜென்மத்தில் ஏறமாட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த கிளினிக் நாளன்று காலையில் ஜீப்பைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் இல்லாத பனி எனக்குப் புதிதாக இருந்தது. அவள் வந்தாள். கையில் ஒரு தேசிக்காய். பின்பக்கம் போகவில்லை. முன்கதவைத் திறந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்கு இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போங்க" என்றாள்.

மரங்கள் பனியிலிருந்து வந்தன, பனிக்குள் போயின. நானுஓயாவுக்கு முன்னால் அந்த வளைவு வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஜீப்புக்குள் திடீரென்று தேசிக்காய் வாசம். திரும்பிப் பார்த்தேன். பிடித்த பிடியில் காய் நசுங்கி, சாறு மணிக்கட்டு வழியாகச் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வளைவு தாண்டிட்டோமாங்க?"

"அப்பவே தாண்டிட்டோம்."

கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "அப்ப ஏன் இன்னும் இவ்வளவு மெதுவாப் போறீங்க?"