பழுப்புப் பொத்தான்

தையல்காரிக்குச் சந்தேகப்படக் காரணமே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரி வலிய வந்து நலம் விசாரித்தால், எதற்கோ அடி போடுகிறாள் என்பாள். பால் கெட்டியாக இருந்தால், இதில் எதைக் கலந்தானோ என்பாள். கணவனின் தங்கை அவளுக்கு வைத்த பெயர் 'சி.ஐ.டி. அண்ணி'. முகத்துக்கு நேரேதான் கூப்பிடுவாள். இவளும் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டாள்.

சும்மா வந்த குணமல்ல அது. அவள் அப்பா வேலைக்கென்று போன ஊரில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அம்மா மாதிரி ஏமாளியாக மட்டும் இருந்துவிடக் கூடாது என்று இவள் சிறு வயதிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

வாய்த்தவன் கடைப் பலகை எழுதும் ஓவியன். விடுமுறையில் மட்டும் தன் முகத்தையே வரைவான். "வேற யாரு அசையாம உக்காருவா, அதுவும் ஓசியில?" என்பான். கல்யாணமான புதிதில் அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அவள் ஆகாசத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். ஆண்கள் சட்டையில் பொத்தான் வலப்பக்கம், காஜா இடப்பக்கம். பெண்கள் சட்டையில் தலைகீழ். படத்தில் இருந்ததோ பெண்கள் சட்டை.

"எவ சட்டைங்க இது?"

அவனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளைத் தோளைப் பிடித்து நிலைக்கண்ணாடி முன் நிறுத்தினான். "கண்ணாடியப் பாத்துத்தானே வரையறேன். அதுல எல்லாமே பக்கம் மாறித்தான் தெரியும்." அப்போதைக்கு அடங்கினாள். ஆனால் அதிலிருந்து அவன் எதை வரைந்தாலும் முதலில் பொத்தானைப் பார்ப்பது அவள் வழக்கமாயிற்று.

இப்போது அந்த முகங்களையெல்லாம் நகர அருங்காட்சியகத்தில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். கடைசிப் படத்தை மட்டும் அவன் வீட்டுக்கே கொண்டுவரவில்லை. பட்டறையிலிருந்து துணி சுற்றி நேராக அங்கே எடுத்துப் போனான். "அங்க வந்து பாத்துக்கோ" என்றான். போதாதா? அன்றிலிருந்து அவள் தைத்த தையலெல்லாம் கோணல்.

நாத்தனாரோடு போனாள். கணவன் வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்க, இருவரும் மாடிக் கூடத்தைச் சுற்றினார்கள். சுவர் சுவராக அவன். முடி அடர்ந்தவன், மீசை எடுத்தவன், முன்மண்டை தெரிய ஆரம்பித்தவன். அத்தனை பேரும் கண்ணாடியை முறைத்துக்கொண்டு, பொத்தான் பக்கம் மாறி நின்றார்கள். கடைசிப் படத்துக்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள்.

நீலச் சட்டை. பொத்தான் சரியான பக்கத்தில் இருந்தது.

"ஐயோ அண்ணி, அண்ணன் எவ்ளோ அழகா சிரிக்கறான் பாருங்க!" என்றாள் நாத்தனார்.

அந்தச் சிரிப்புதானே சந்தேகத்தைக் கிளப்பியது. இது கண்ணாடி பார்த்து வரைந்த படமில்லை. யாரோ எதிரே நின்றிருக்கிறார்கள், இல்லையென்றால் எதிரே நின்று போட்டோ எடுத்திருக்கிறார்கள். அந்த யாரோவைப் பார்த்து இந்த மனுஷன் இப்படிச் சிரித்திருக்கிறான். இத்தனை வருடத்தில் தனக்கு ஒரு நாளாவது இந்தச் சிரிப்பைக் காட்டியிருப்பானா? கடைசியில் அம்மா கதையேதானா என்று நினைத்தாள். அழுகைகூட வந்தது. ஆனால் அழுவதற்கு முன்னால் சாட்சி வேண்டுமே!

கைப்பையிலிருந்து தையல் வேலைக்குப் போடும் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படத்தை நெருங்கினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார் காவலர்.

"தொட மாட்டேன் சார். பாக்கத்தான் போறேன்."

மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் பழுப்பு. மற்றதெல்லாம் வெள்ளை. பழுப்புப் பொத்தானிலிருந்து வெட்டாத நூல் ஒன்று தொங்கியது.

அது அவள் தைத்த பொத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை, அவன் ஒரு பொத்தான் இல்லாமல் வீட்டுக்கு வந்தான். கேட்டதற்கு, ஏணியில் மாட்டி அறுந்திருக்கும் என்றான். அவளா நம்புவாள்? சட்டையைக் கழற்றக்கூட விடாமல், வேண்டுமென்றே நிறம் மாறிய பொத்தானை வைத்துத் தைத்தாள். நாளைக்கு எவளாவது மாற்றித் தைத்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாமே! ஆதாரத்துக்கு, நூலைக்கூட வெட்டாமல் அவனை அப்படியே நிறுத்தி போனில் ஒரு போட்டோவும் எடுத்தாள். எடுத்ததைப் பெரிதாக்கிப் பொத்தானை மட்டும் பார்த்தாள். தெளிவாக விழுந்திருந்தது. அந்தத் திருப்தியில் போனை வைத்துவிட்டாள். மேலே முகம் எப்படி இருந்தது என்று பார்க்கவே இல்லை.

இப்போதுதான் பார்க்கிறாள். எவளைப் பார்த்தோ சிரிக்கிறான் என்று இவ்வளவு நேரம் யாரைச் சபித்தாளோ, அந்த எவள் அவளேதான். அவளுக்கு அவமானமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பின்னாலிருந்து கணவன் குரல் கேட்டது. "என்ன, ஏதாவது அகப்பட்டுச்சா?"

"என் போன்லேர்ந்து எடுத்தீங்களா?"

"இடம் இல்லன்னு பழைய போட்டோவெல்லாம் அழிக்கச் சொன்னியே, அப்ப பாத்தேன்."

"எதுக்கு அந்த பட்டன் வச்சேன்னு தெரியுமா?"

"தைக்கும்போதே தெரியும். டப்பா நிறைய வெள்ள பட்டன் இருக்க, நீ பழுப்பத் தேடித் தேடி எடுத்தியே."

"தெரிஞ்சுமா சிரிச்சீங்க?"

"கோவமாத்தான் இருந்துச்சு." அவன் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா அவ்ளோ கிட்ட வந்து, மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்ன. பட்டனத்தான் பாக்கறன்னு தெரியும். இருந்தாலும் என்னை வேற யாரு அப்படிப் பாத்திருக்கா?"

அப்போதும் வழக்கம்போல ஒரு கேள்வி அவள் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அது சரி, அந்த வெள்ளைப் பொத்தான் எங்கேதான் போயிற்று?

"கேளு" என்றான் அவன். "வீடு வரைக்கும் தாங்க மாட்ட."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

"ஒண்ணுமில்லைங்க."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லையா? நீயா சொல்ற? எங்கிட்ட எதையோ மறைக்கற."