பிள்ளைக்காம்பராவின் பழைய படம்

உங்கள் அம்மாவின் படம் ஏன் நம் வீட்டில் ஒன்றுகூட இல்லை என்று போன தீபாவளிக்கும் சின்னவள் கேட்டாள். சொல்ல வாயெடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் உங்கள் இருவருக்குமாக இதை எழுதுகிறேன். நான் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவன். தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கடிதங்கள் எழுதிப் பழகிய கை இது. எழுத்து அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் இல்லாமல் இல்லை. பதுளை ஸ்டுடியோவில் எடுத்த கல்யாண ஆல்பம் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் நாம் இருந்த லயத்து வீட்டு வரிசை தீப்பிடித்தபோது தகரப்பெட்டிக்குள் இருந்தே கருகிப்போனது. அம்மாவின் அடையாள அட்டையும் அதே பெட்டியில்தான் இருந்தது. எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்த நேரம் என்பதால் ஆளுக்குச் சேதமில்லை. ஆல்பத்தைத் திறந்தால் சாம்பல் அட்டையோடு சேர்ந்து உதிர்ந்தது. நான் தலையில் கைவைத்து வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா சிரித்தாள்.

"என்னங்க, போட்டோவுக்கா இப்புடி ஒக்காந்திருக்கீங்க? நான்தான் முழுசா முன்னுக்கு நிக்கிறேனே. பாத்துக்கங்க."

பக்கத்துக் காம்பராக்காரி விடவில்லை. "அவருக்குக் கல்யாணத்தப்ப இருந்த மொகந்தான் வேணுமாம் அக்கா!"

"அந்த மொகத்தப் பாத்துத்தானே ஏமாந்தாரு. இன்னொருக்கா ஏமாறணுமாக்கும்."

வீடும் பாத்திரமும் எரிந்து கிடக்கும்போது அப்படிச் சிரிக்க அவளால்தான் முடியும். பண்டாரவளைக்குப் போய்க் குடும்பமாக ஒரு படம் எடுப்போம் என்று பேசிக்கொண்டோம். போர்வை வாங்க வேண்டியிருந்தது, சட்டி பானை வாங்க வேண்டியிருந்தது. படம் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு சின்னவள் பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது கழிந்து கொஞ்ச நாளில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதே லொறியில்தான் திரும்பியும் கொண்டுவந்தோம்.

கருமாதியன்று உங்கள் மாமா மாலையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "மச்சான், படம் எங்க?" என்று கேட்டார். அவளுடைய சேலையை மடித்து நாற்காலியில் வைத்து அதற்கு மாலை போட்டோம். பெரியவனே, அது உனக்கு நினைவிருக்கும். சின்னவள் அந்த மாலையிலிருந்து பூவைப் பிய்த்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

உனக்காவது முகம் தெரியும். அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் பெரியவளானதும் ஒருநாள், "அம்மா மொகம் எப்புடிப்பா இருக்கும்? அத்த மாதிரியா?" என்று கேட்டாள். மூக்கு இப்படி, கண் இப்படி என்று சொல்லிப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

இனி ஆபீஸ் கதைக்கு வருகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நான் முதலில் தபால் பை சுமந்தவன். லுணுகலைக்கு நடந்துபோய், கொழும்புத் தலைமை ஆபீசிலிருந்து வரும் பையை வாங்கிவருவது என் வேலை. சின்னவள் பிறந்த வருஷம் கம்பனி போர்ட்டல் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கம்பியூட்டரைத் திறந்து பெயரும் எண்ணும் அடித்தால் கம்பனியின் எல்லாத் தோட்டங்களும் வரிசையாக வரும். நம் தோட்டத்தைத் தொட்டால் சுற்றறிக்கை, உர விண்ணப்பம், கூரைத் தகடு விண்ணப்பம் எல்லாம் தனித்தனிப் பிரிவாக இருக்கும். நாம் இங்கே ஏற்றினால் கொழும்பில் அந்த நிமிஷமே பார்ப்பார்கள். தபால் பைக்கு வேலையில்லாமல் போனதால் என்னை அந்தக் கம்பியூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள்.

ஆபீசுக்குத் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்து மனிதர். ஓய்வுபெற இருந்தவர். அவருக்கு அதில் நம்பிக்கையே வரவில்லை.

"தம்பி, உந்தப் பெட்டி ஒருநாள் கண்ணை மூடினா ஆர் பதில் சொல்லுறது? எல்லாத்திலயும் மூண்டு கொப்பி அடிச்சு பைலில போடும்."

"ஐயா, பேப்பர் வேணாமுன்னுதானே கொழும்புல இத குடுத்திருக்காங்க?"

"ஓம், குடுத்திருக்கினம். நீர் அடியும்."

அடித்தேன். முன்பு ஓர் அலுமாரி இருந்த இடத்தில் இப்போது இரண்டு அலுமாரி. அந்தப் பிரிண்டர் எழுத்து மட்டும்தான் அடிக்கும், படம் அடிக்காது.

போர்ட்டலில் ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. ஒரு விஷயத்துக்கு ஒரே பெயர்தான். எந்தத் தோட்டம், எந்த விஷயம் என்று கொழும்பிலேயே பெயர் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். புதிதாக ஒன்றை ஏற்றும்போதும் அதே பெயரில்தான் ஏற்ற வேண்டும். பார்க்க எல்லாருக்கும் முடியும். இறக்கி எடுத்துக்கொள்வதற்கு மட்டும் தோட்டத்து மனேஜரான துரையின் கடவுச்சொல் வேண்டும்.

சின்னவளுக்கு நாலு வயதாக இருந்தபோது கொழும்பிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. உங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் படம் பழையது, புதிதாக எடுத்து ஏற்றவும் என்று. மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. உங்கள் அம்மா அங்கே ஆயாவாக இருந்தவள். அப்படி ஒரு படம் போர்ட்டலில் இருப்பதே எனக்குத் தெரியாது. முதலாம் வருஷம் கொழும்பிலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவர்களே எடுத்து, அவர்களே ஏற்றியிருந்தார்கள். பழையது எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று திறந்தேன்.

தொலைபேசிக் கம்பி வழியாக வருவதால் படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். முதலில் மலை வந்தது. பிறகு தகரக் கூரை, பச்சைக் கதவின் மேல்பாதி. அதன் முன்னால் ஒரு தலை. நடுவகிடு, ஒரு பக்கம் கலைந்த மயிர். நெற்றி வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா. புருவத்துக்கு மேலே அந்தச் சின்னத் தழும்பு. மூக்குத்தி. யாரோ ஒரு பிள்ளையை அதட்டப் போனவள் போல வாய் கொஞ்சம் திறந்திருந்தது, ஆனால் கண் சிரித்தது. இடுப்பில் நீ இருந்தாய், சின்னவளே. படம் எடுப்பவரைப் பார்க்காமல் அம்மாவின் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய்.

பெரிய கிளாக்கர் ஏதோ கேட்டார். நான் திரும்பவில்லை போலிருக்கிறது. எழுந்துவந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"உம்மட மனிசியெல்லே?"

"ஆமாங்கய்யா."

தன் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "கடவுச்சொல் துரையிட்ட இருக்கு. அவர் கொழும்பில நிக்கிறார். தலைமை ஆபீசுக்கு ஒரு கோரிக்கை போடுவம். கேட்டு எடுத்தா நாளைக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது. அதுக்கிடையில சனிக்கிழமை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாரும். பார்க்கிறதுக்கு ஆற்றை அனுமதியும் வேண்டாம்."

கோரிக்கையை நான் எழுத, அவர் ஆங்கிலத்தைத் திருத்தினார். எந்த ஆவணம் வேண்டும் என்ற இடத்தில் வழக்கம்போல அந்தப் படத்துக்குக் கொழும்பில் வைத்த பெயரை எழுதினோம். காரணம்: காலஞ்சென்ற மனைவி.

புதுப் படம் எடுக்க வேண்டியவர் வெல்பெயார் மிஸ். தோட்டத்துத் தாய்மாரையும் பிள்ளைகளையும் கவனிக்கும் பொறுப்பு அவருடையது. அம்மா மீது பிரியமாக இருந்தவர். "மிஸ், படத்த எடுத்ததும் எங்கிட்டக் குடுங்க, நானே ஏத்துறேன்" என்றேன். பழைய படம் கைக்கு வந்த பிறகு புதியதை ஏற்றலாம் என்று நினைத்தேன். நம் தோட்டத்தின் எல்லாமும் என் கைவழியாகத்தான் மேலே போகும், அதனால் பயப்படவில்லை. காரணத்தைச் சொன்னால் அவர் முன்னால் அழுதுவிடுவேன் என்று அதைச் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்து, "சரிங்க அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை உங்கள் இருவருக்கும் தலைசீவி, தீபாவளி உடுப்புப் போட்டுக் கூட்டிப்போனேன். பெரிய கிளாக்கர் பிஸ்கட் பெட்டி வாங்கி வைத்திருந்தார். சின்னவளைத் தூக்கி என் நாற்காலியில் அவரே இருத்தினார்.

"அம்மா டிவியிலயா இருக்காங்க?"

"டிவி இல்ல புள்ள, கம்பியூட்டரு" என்றான் பெரியவன். "சும்மா இரு. அம்மா மெதுவாத்தான் வருவாங்க."

மலை வந்தது. கூரை வந்தது. கதவு வந்தது. கதவு நீலமாக இருந்தது. புதிதாகச் சாயம் பூசியது என் மூளைக்கு எட்டவில்லை. கம்பியூட்டரில் நிறம் மாறித் தெரிகிறது என்று நினைத்தேன். பிறகு தலை வந்தது. வகிடு ஓரமாக இருந்தது.

மூட வேண்டும் என்று தோன்றியது. படம் முழுவதும் இறங்கி முடிந்தது. அம்மா நின்ற இடத்தில் இப்போதைய ஆயா நின்றாள். முன்வரிசையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு சின்னவள்.

"ஐ! நானு! அப்பா, இது நானு! அண்ணே, பாரு!" நாற்காலியில் எழும்பி நின்று திரையைத் தட்டினாய். அந்தச் சிரிப்பு அடங்கியதும் திரையில் ஒவ்வொரு முகமாக விரலை வைத்துக்கொண்டு போனாய். "இது ஆயா. இது பால்காச்சுற அக்கா. அம்மா எங்கப்பா?"

பெரியவன் என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்போது பத்து வயதுகூட இல்லை. தங்கச்சியின் கையைப் பிடித்து இறக்கி, "வா, போலாம். அம்மா இன்னிக்கு வரல" என்றான். பெரிய கிளாக்கர் விறாந்தைக்குப் போய் முதுகு காட்டி நின்றுகொண்டார். உரத்துக்கு எழுதிய கடிதத்துக்கெல்லாம் மூன்று கொப்பி வைத்த மனிதர்.

திங்கட்கிழமை வெல்பெயார் மிஸ் ஆபீசுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பக்கத்துத் தோட்டத்து ஆபீசுல போயி நான்தான் ஏத்துனேன் அண்ணே. அக்கா நின்ன எடத்துல இன்னொருத்தவங்க நிக்கிற படத்த ஒங்க கையால ஏத்த வைக்கக் கூடாதுன்னுதான்... எனக்குத் தெரியாதே அண்ணே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவரை நான் என்ன சொல்ல? என்மேல் வைத்த இரக்கத்தில் மலை ஏறி இறங்கிப் போய்ச் செய்த காரியம். அவர் தேம்பிக்கொண்டே இருந்தார். நான்தான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

கொழும்புக்குப் போன் எடுத்தேன். போர்ட்டலைப் பார்த்துக்கொள்ளும் பெண் நன்றாகத்தான் பேசினாள். "அதே பேர்ல ஏத்தினா பழசு போயிரும் அங்கிள். அப்பிடித்தான் செய்து வச்சிருக்கு." முதலில் எடுத்தவரிடம் கேட்க முடியுமா என்றேன். அவர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டாராம். கெமராவிலிருந்த பழைய படங்களை எப்போதோ அழித்துவிட்டார்களாம். "ஸொரி அங்கிள்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

அத்தோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. நம் கோரிக்கை தலைமை ஆபீசில் வேறொரு மேசையில் இருந்தது. அந்த மேசைக்காரருக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. சில நாளில் தடித்த அட்டை வைத்த உறை ஒன்று என் பெயருக்கு வந்தது. அனுமதி கொடுத்தது மட்டுமில்லை, பாவம், அவர்களே வண்ணத்தில் பெரிதாக அடித்து அனுப்பியிருந்தார்கள். நாங்கள் எழுதிய பெயரில் என்ன இருந்ததோ அதை. புது ஆயா, நீலக் கதவு, முன்வரிசையில் நீ. கூடவே இருந்த ஆங்கிலக் குறிப்பைப் பெரிய கிளாக்கர் வாசித்துச் சொன்னார். என் மனைவியின் மறைவுக்கு வருந்துகிறார்களாம், இந்தப் படம் எங்கள் குடும்பத்துக்கு ஆறுதல் தரட்டுமாம்.

திருப்பி அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். நீ விடவில்லை. அதில் நீ இருந்தாயே. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பெரியவன் மூலையில் பாடம் எழுதுவதுபோல் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா, அம்மா படத்துல அம்மா எங்க நின்னாங்க?"

"இந்தா, ஆயா நிக்கிற எடத்துல."

"அப்ப நான் எங்க நின்னேன்?"

"நீ நிக்கல. அம்மா இடுப்புல இருந்த. தோட்டப் புடிச்சு இழுத்துக்கிட்டு."

உனக்கு அது பிடித்துப்போனது. எழும்பி வந்து என் முன்னால் நின்று, இரண்டு கையாலும் உன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாய்.

"எந்தப் பக்கம்? இந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். தழும்பு தெரிந்தது. மூக்குத்தி தெரிந்தது. வாய் திறந்திருந்தது தெரிந்தது. நீ எந்தப் பக்கம் இருந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.