சுண்டக்காவும் ஐந்தாம் நாளும்

பச்சிளங்குழந்தைகள் வார்டில் மூச்சுக் கருவிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மாதம் நிறையுமுன் அவசரப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் தூக்கத்தில் மூச்சு விடவே மறந்துபோகும். உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினால், ஞாபகம் வந்து மறுபடி மூச்சு விடும். பதினாறு வருஷமாகச் சுண்டிச் சுண்டி, சுண்டக்கா என்றே பேர் நிலைத்துவிட்டது. வீட்டில் குறட்டை நடுவில் நின்றால் புருஷனையும் அவள் விட்டுவைப்பதில்லை. பாவம், மனுஷன் ஷூவைப் போட்டுக்கொண்டுதான் படுப்பார்.

வார்டின் சட்டம் கறாரானது. ஐந்து நாள் ஒரு சுண்டுகூட இல்லாமல் தாண்டினால்தான் குழந்தை வீட்டுக்குப் போகலாம். சுண்டு விழுந்தால் ரெஜிஸ்டரில் ஏறும், எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். மூன்றாம் தொட்டில் பாப்பா மூன்று முறை ஐந்தாம் நாளில் கோட்டை விட்டது. அதன் அம்மா மூன்று முறை பையைக் கட்டி, மூன்று முறையும் அழுதுகொண்டே பிரித்தாள்.

இன்று நான்காம் தடவை. பகல் பன்னிரண்டு அடித்தால் விடுதலை. விரல் பழக்கத்தில் வீணாக நீண்டுவிடக் கூடாதே என்று சுண்டக்கா அதற்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டாள்.

பத்து நிமிஷம் பாக்கி. வார்டைப் பார்வையிட வந்த பெரிய டாக்டர் தொட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார். குறட்டை ஏறியது, இறங்கியது, நின்றேபோனது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று எண்ணிய சுண்டக்காவுக்குக் கை கேட்கவில்லை. பிளாஸ்திரியைப் பிய்த்தாள், அவர் ஷூவைக் கழற்றினாள், சாக்ஸை உருவினாள், விட்டாள் ஒரு சுண்டு.

அவர் துள்ளி எழுவதற்குள் தலைமை நர்ஸ் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டாள்: ‘சுண்டு, ஒன்று.’

“அடிச்சிடுங்கக்கா, அது பாப்பாவுக்கு இல்லையே!” என்றாள் சுண்டக்கா.

“எழுதினதை அடிக்கக் கூடாதுன்னு சாரே சர்க்குலர் போட்டிருக்காரு. யாராவது ஒருத்தர் அஞ்சு நாள் இருந்துதான் ஆகணும்.”

கட்டின பையோடு நின்ற தாயின் முகம் செத்துவிட்டது. சுண்டக்கா பெரிய டாக்டரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப நீங்கதான் சார் இருக்கணும்.”

அவர் தாயைப் பார்த்தார், சுவரில் தன் கையெழுத்தோடு தொங்கிய சர்க்குலரைப் பார்த்தார், மிச்ச ஷூவையும் கழற்றினார். பன்னிரண்டு அடித்தது. குழந்தை வீட்டுக்குப் போனது. பெரிய டாக்டர் கட்டிலுக்குப் போனார்.

“அஞ்சு நாளா? பத்து நாள்கூட வச்சுக்கங்க. நானும் கொஞ்சம் தூங்கறேன்” என்றாள் அவர் மனைவி, போனில்.

ஐந்தாம் நாள் காலையிலேயே அவர் பையைக் கட்டிவிட்டார். பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் இருக்கையில் அசந்து தூங்கியும்விட்டார். குறட்டை நின்றது. தலைமை நர்ஸ் பேனாவைத் திறந்தாள். பாப்பாவைப் பரிசோதனைக்குத் தூக்கிவந்திருந்த தாய் கட்டிலருகே திகைத்து நின்றாள்.

“மூச்சு விடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சியபடியே சுண்டக்கா விரலை மடக்கினாள். பதினேழு. பதினெட்டு.

தாயின் தோளில் கிடந்த பாப்பா வீல் என்று கத்தியது. மூச்சு விடவே மறந்த குழந்தை, வார்டு அதிர, முழு மூச்சையும் சேர்த்துக் கத்தியது. பெரிய டாக்டர் திடுக்கிட்டு மூச்சை இழுத்தார். பன்னிரண்டு அடித்தது.

தலைமை நர்ஸ் ரெஜிஸ்டரை மேலும் கீழும் பார்த்தாள். அழுகைக்கு அதில் கட்டம் இல்லை. பேனாவை மூடினாள்.