மரியாதையாகப் பரிமாறிய மாதம்

ஹனோய்க்கு வருகிறவர்கள் கைப்பேசியை நீட்டி, எங்கே சாப்பிடலாம் என்று என்னைத்தான் கேட்கிறார்கள். சந்துமுனையில் ஐஸ் டீ விற்கிறவளிடம் வேறென்ன கேட்பார்கள்? பக்கத்துக் கடையைக் காட்டுவேன். "பன்றிக்கால் நூடுல்ஸ். ரோஷம் இருந்தா வீட்டுல வச்சிட்டுப் போங்க. திட்டு வாங்கிட்டு வந்து இங்க டீ குடிங்க."

ஹோய் அக்கா திட்டித்தான் பரிமாறுவாள். எங்கள் ஊரில் அப்படிச் சில கடைகள் உண்டு. கூட்டமும் அங்கேதான் அம்மும். ருசி பார்க்கும் முன்பே எலுமிச்சை பிழிந்தவனிடம், "என் சூப்பு உனக்கு என்னடா துரோகம் பண்ணுச்சு?" என்பாள். வங்கி மேலாளரிடம், "தொந்தியப் பாரு! பாதிக் கிண்ணம் போதும், எந்திரி!" அவர் பல்லைக் காட்டிக்கொண்டே மறுநாளும் வருவார். அக்கா திட்டவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும். ஒன்று புது ஆள், இல்லை வேண்டாத ஆள்.

மியென் எதிர்த் தையற்கடைப் பெண். மூன்று வருடமாக அங்கே திட்டு வாங்கியவள். வெங்காயத்தாளை ஒதுக்குவாள், "புல்லுக்குப் பயந்த மாடு!" என்பாள் அக்கா. அக்கா மகன் தோவான் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பான். அப்படியே பழகி, போன மாதம் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக வந்து நின்றார்கள்.

மறுநாள் வந்தது வினை. "வாங்கம்மா. உக்காருங்க. மெதுவாச் சாப்பிடுங்க." மியென் முன்னால் கிண்ணத்தை இரண்டு கையாலும் வைத்தாள் அக்கா. அன்று மட்டுமல்ல, மாதம் முழுக்க அப்படித்தான்.

ஒருநாள் மியென் என் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

"சைகோன்ல வேலை கெடச்சிருக்கு அக்கா. ஞாயித்துக்கிழமை ரயில். அவங்களுக்கு என்னைப் பிடிக்கல. ஊரையே திட்டுறாங்க, எனக்கு மட்டும் வாங்க, போங்க. நான் என்ன விருந்தாளியா?"

"தோவான் என்ன சொல்றான்?"

"அம்மா நல்லாத்தானே பேசுறாங்கன்றான், மரமண்டை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கெட்டிலை அப்படியே போட்டுவிட்டு ஹோய் அக்கா கடைக்குப் போனேன். "உனக்கு மூளை இருக்காக்கா? அந்தப் பொண்ணு ஊரை விட்டே போறா. ஏன் அவளை மட்டும் திட்ட மாட்டேங்குற?"

எலும்பு வெட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"என் மாமியார் திட்டுனது உனக்குத் தெரியாதுடி. இது மாதிரி வெளாட்டுத் திட்டு இல்ல. சோத்துக் கிண்ணத்தைத் தொட்டாலே ஆரம்பிப்பா. பதினாறு வருஷம் நான் வயிறு நெறையச் சாப்பிட்டதில்ல. என் வீட்டுக்கு வர்றவ ஒரு சொல் கேக்கக் கூடாதுன்னு அப்பவே நெனச்சேன்."

அடிப் பாவி மனுஷி! இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லையே என்று நெஞ்சு வலித்தது. "அவளுக்கு அது எப்படித் தெரியும்? உன் மரியாதையைப் பாத்து, தான் வேண்டாத ஆளுன்னு நெனச்சுட்டா" என்றேன்.

ஞாயிறு காலை மியென் பெட்டியோடு விடைபெற வந்தாள். கடை நிறையக் கூட்டம். நானும் டீ கொடுக்கப் போயிருந்தேன். அக்கா "வாங்க..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"சைகோனுக்கா போறே? போடி போ! அங்க எவ உனக்குச் சோறு போடுவா? ஊசி மாதிரி இருக்கே, காத்தடிச்சா நிப்பியா? என் மவன் மூஞ்சி செத்த மீனாட்டம் கெடக்கு, அவனை எவ பாப்பா? வயசான காலத்துல நான் யார்கிட்டடி கத்துவேன்?" குரல் கம்மி, இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

மியென் பெட்டியைத் தொப்பென்று போட்டாள்.

"கத்தாதீங்கன்னா! தொண்டை போயிரும்! மொதல்ல இதைக் குடிங்க!" என் கையிலிருந்த டீயைப் பிடுங்கி அக்கா முன்னால் நீட்டினாள்.

சாப்பிட வந்து ஹோய் அக்காவைத் திருப்பி அதட்டிய ஆளை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அக்கா தம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, சொட்டு மிச்சமில்லாமல் மடமடவென்று குடித்தாள்.

"குடிச்சிட்டேன்டி" என்றாள்.