பகலில் எரிந்த பல்ப்

அன்று காலை விவசாயிகள் சங்கக் கட்டடத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர் — வட்டை விதானையாரும் நானும். இல்லாதவர் என் அப்பா. அவர் வயலில் நெல் மூட்டைகளுக்குக் காவல் இருந்தார். ஒரு போகத்து விளைச்சல் முழுவதும் அங்கேதான் கிடந்தது.

விதானையார் எங்கள் வயல்களின் தண்ணீர்ப் பொறுப்பாளர். குளம் நிரம்பி வான்கதவு திறக்கப்போகிறது என்றால், வயலுக்கு வெள்ளம் வருகிறது என்று மோட்டார் சைக்கிளில் போய்க் கத்திச் சொல்வார். மழை என்றால் எங்கள் பக்கம் போன் டவர் வேலை செய்யாது... வேறு என்ன வழி?

வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். சும்மா இருப்பேனா? மலிவாக ஒரு ஸ்மார்ட் பல்ப் வாங்கிச் சங்கக் கட்டடத்தில் மாட்டினேன். அதற்குள் குட்டி வைஃபை இருக்கிறது. மென்பொருளை மாற்றினால், இன்டர்நெட் இல்லாமலே அருகில் வரும் போன்களின் திரையில் ஒரு பக்கத்தைக் காட்டும். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் எழுத்தே வைக்கவில்லை. கதவு திறப்பதென்றால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை.

ஊர் மெச்சியது. விதானையார் கத்தப் போவதை நிறுத்தினார். "பெற்றோல் மிச்சம் தம்பி!"

அன்று காலை டவர் இல்லை; குளத்திலிருந்து ஆள் வந்து சொன்னார் — பின்னேரம் கதவு திறக்கும். பக்கத்தைச் சிவப்பாக்கிவிட்டு வேலைக்குப் போனேன். விதானையார் கட்டடத்தைப் பூட்டும்போது நிமிர்ந்து பார்த்திருக்கிறார். பட்டப்பகலில் பல்ப் எரிகிறது! சங்கத்துக் காசல்லவா? சுவிட்சை அணைத்துவிட்டார். பொறுப்பான எந்த மனிதர்தான் அணைக்கமாட்டார்?

மத்தியானம் அப்பா சைக்கிளில் சங்கத்தடிக்கு வந்து போனைத் திறந்தார். பல்ப் செத்துக் கிடந்தது. போன் தன்னிடமிருந்த நேற்றைய பக்கத்தைக் காட்டியது. பச்சை. திரும்பிப் போய்விட்டார்.

இருட்டுவதற்குள் வயல் வெள்ளத்துக்குள். அப்பா மட்டும் நனைந்து வந்தார்.

"பச்சைதானே மனே காட்டினது..." என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

விதானையார் வாசலில் நின்றார். "நான் லைட்டத்தானே தம்பி நூத்தன்? உங்கட செய்தியையா நூத்தன்?"

சுவிட்சின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்ட எனக்குத் தோன்றவில்லை. பழைய பச்சை போனில் தங்கும் என்றும் யோசிக்கவில்லை. ஒரு கருவி வந்ததும் நாம் முதலில் கைவிடுவது எதை? அது கெட்டால் நம்மைக் காப்பாற்றக்கூடிய ஒன்றை.

பல்ப்பை அணைத்ததில் மிச்சமான கரண்ட், ஒரு ரூபாய்க்கும் வராது. போனது — முப்பத்தெட்டு மூட்டை.