வாயால் ஒரு வெல்டிங்

இளைஞர்கள்தான் நாட்டின் செல்வம் என்று பயிற்சி மையத் திறப்பு விழாவில் அதிகாரி பேசியதிலிருந்து அக்கா தம்பியைச் செல்வம் என்றே கூப்பிடுகிறாள். "செல்வம், குப்பையக் கொண்டுபோய்க் கொட்டு." செல்வம் கொட்டிவிட்டு வரும்.

அக்காவுக்குத் துணி ஆலையில் இஸ்திரிப் பிரிவு. நாள் முழுக்க நின்றபடி சட்டை தேய்ப்பாள். வீடு திரும்பும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். "நீ ஒரு வேலைல சேரு, நான் நின்னுடறேன். நின்னு நின்னு போதும்டா" என்பாள்.

அவன் மையத்தில் வெல்டிங் சேர்ந்தான். கட்டடம், பெயர்ப்பலகை, உறை பிரிக்காத இயந்திரம், வகுப்பு நிறைய இளைஞர்கள் எல்லாம் வந்துவிட்டன. மின் இணைப்பு மட்டும் வரவில்லை. அதற்காக நாட்டின் முன்னேற்றத்தை நிறுத்திவைக்க முடியுமா? பயிற்சியாளர் வெல்டிங் குச்சிக்குப் பதில் ஆளுக்கொரு சாக்பீஸ் கொடுத்தார். இரும்புத் தகட்டில் கோடு இழுக்க வேண்டும். இழுக்கும்போது, மின்பொறிச் சத்தத்துக்குப் பதில் வாயால் 'ஸ்ஸ்ஸ்' சொல்ல வேண்டும்.

"மூச்சு விடாதீங்கப்பா. சத்தம் அறுந்தா வெல்டும் அறுந்துடும்."

அவனுடைய ஸ்ஸ்ஸ் அறுந்ததே இல்லை. தேர்வு நடத்த வந்தவர்கள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு முதல் வகுப்பில் தேர்ச்சி கொடுத்தார்கள்.

கேட் செய்யும் பட்டறை ஒன்றில் ஆள் எடுத்தார்கள். முதலாளி நிஜக் குச்சியைக் கையில் கொடுத்தார். அவன் முகமூடியை இறக்கி, குச்சியைத் தகட்டில் வைத்து, 'ஸ்ஸ்ஸ்' என்றான். குச்சி ஒட்டிக்கொண்டது. ஸ்ஸ்ஸ் நிற்கவில்லை.

பட்டறையே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது.

"பாம்பு கீம்பு பூந்துடுச்சாப்பா?" என்றார் முதலாளி.

"பழக்கம் சார்."

"கரண்ட்டோட வேலைய நீ ஏன் தம்பி பாக்குற? போய்ட்டு வா."

அந்த மாதமே மையத்தில் வகுப்புகளை இரட்டிப்பாக்கினார்கள். இளைஞர்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள், கற்றுத்தர ஆள் வேண்டியிருந்தது. முதல் வகுப்பில் தேறியிருக்க வேண்டும், வேறு வேலை இருக்கக் கூடாது. அவனிடம் இரண்டு தகுதியும் இருந்தன.

"வேலை கிடைச்சிடுச்சுக்கா. வாத்தியார் வேலை!"

ஆலைக்குக் கிளம்பிய அக்கா ஒரு செருப்பை மாட்டியிருந்தாள். மற்றதைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள்.

"நிஜமாவாடா? அப்ப நான் நின்னுடட்டுமா?"

"மையம் முழுசா இயங்க ஆரம்பிச்சாதான் சம்பளமாம். கரண்ட் வந்ததும் தருவாங்க."

"அதுவரைக்கும்?"

அவன் குப்பைக் கூடையைக் கையில் எடுத்தான்.

"அதுவரைக்கும் சம்பளத்தையும் வாயாலயே குடுப்பாங்களாக்கும்" என்றாள் அக்கா. இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு நிற்கப் போனாள்.