கேடி மாப்பிள்ளையும் துறைமுக வேலையும்

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். எனக்குக் கல்யாணமாகி மில்லர்புரத்தில் குடியேறிய புதிது. பிறந்த ஊர் ஆறுமுகநேரி. எங்கள் வீட்டில் எல்லோருக்குமே உப்பளத்தில்தான் வேலை. கழுத்தில் தாலி ஏறும்வரை நானும் உப்பு வாரியவள்தான்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அப்பா விசாரித்தார். கூட வந்தவர் பெருமையாக, "பெரிய கம்பெனி கிளப்புல கேடி" என்று சொன்னார். அப்பாவின் முகம் இருண்டுவிட்டது. எங்களுக்குத் தெரிந்த கேடி, போலீஸ் ஸ்டேஷனில் படம் மாட்டியிருக்கிற ஆள். கோல்ஃப் ஆடுகிறவரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே போய், பந்து விழுந்த இடத்தைத் தேடிக் காட்டி, எந்த மட்டையால் அடிக்கலாம் என்று யோசனை சொல்கிறவருக்கும் அதுதான் பெயர் என்று விளக்குவதற்குள் கொடுத்த காபி ஆறிவிட்டது. "அப்பம் பை தூக்குத வேலைதானா?" என்று கேட்டு, அரைமனதோடுதான் அப்பா சம்மதித்தார்.

அந்த கிளப் ஊருக்கு வெளியே இருந்தது. பச்சைப் புல்தரை என்று கற்பனை செய்துவிடாதீர்கள். முள் அடர்ந்த உடைமரங்களுக்கு நடுவே பரந்த மணல்காடு, அவ்வளவுதான். பந்து விழவேண்டிய ஒவ்வொரு குழியைச் சுற்றியும் எண்ணெய் கலந்த மணலை வட்டமாகப் பரப்பி, பலகையால் இழுத்துச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். புதிதாக ஆட வருகிறவர்களுக்கு என் வீட்டுக்காரர்தான் சொல்லிக்கொடுப்பார். ஆனால் ஆட்டம் நடந்தால்தான் கூலி. மழை நாளிலும், அதிகாரிகள் ஊரில் இல்லாத நாளிலும் ஒன்றும் கிடையாது.

துறைமுக வேலை சூடு பிடித்ததும், அவரோடு இருந்த கேடிகள் ஒவ்வொருவராக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மணல் இழுக்கிறவர்களும் போனார்கள். கடைசியில் இவரும், ஆடுகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றுகிற ஒரு பெரியவரும்தான் மிச்சம். உப்பளத்தை விட்டுத் துறைமுகத்துக்குப் போயிருந்த என் அண்ணன், அங்கே மேஸ்திரியிடம் சொல்லி இவருக்கும் ஓர் இடம் பிடித்துவிட்டான். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குள் நேரில் வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அதே சனிக்கிழமை, மலைத் தேயிலை எஸ்டேட் அதிகாரிகள் இங்கே போட்டி ஆட வருவதாக இருந்தது. "விடியக்காலம் போயி மணலை மட்டும் சரிபண்ணிட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், வெயில் ஏறியும் வரவில்லை. அண்ணன் சைக்கிளோடு வாசலில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாமே போய்க் கையோடு கூட்டி வரலாம் என்று சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

அங்கே போனால், கார்களில் வந்து இறங்கிய விருந்தாளிகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கிளப் மேனேஜர் மடிப்புக் கலையாத சட்டையோடு தானே ஒரு மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ளாடுகிறார். என் வீட்டுக்காரர் தன்னந்தனியாகப் பலகை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திருதிருவென்று விழித்தார். இந்த ஒரு வட்டத்தை முடித்துவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னார். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வட்டங்களாகத்தான் தெரிந்தன.

சண்டை போடத்தான் போனேன். ஆனால் இந்த மனிதர் வேலையைப் பாதியில் விட்டு வரமாட்டார் என்பது தெரிந்ததும், சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் இழுத்துக்கொண்டு போகலாமே என்று பலகையை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். உப்பு வாரிய கைக்கு மணல் ஒரு பொருட்டா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுத்தடுத்த வட்டங்களை நானே இழுக்க ஆரம்பித்தேன்.

திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணவில்லை. காக்கிச் சட்டையில் இருந்தவனைப் புது வேலையாள் என்று நினைத்து, மேனேஜர் தன் தோளில் இருந்த பையை அவனிடம் மாட்டிவிட்டிருக்கிறார். மாப்பிள்ளையைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போக வந்தவன், பெரிய அதிகாரி ஒருவர் பின்னால் பையோடு போய்க்கொண்டிருந்தான். எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

விருந்தாளிகளில் ஓர் இளைஞருக்குப் பந்து மட்டையில் படவே மாட்டேன் என்றது. வீசுகிற வீச்சில் மணல்தான் பறந்தது. கூட இருந்த பெரியவர்கள் சிரிக்க, அவருக்குக் காது சிவந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய், அவர் கால் வைத்திருந்ததைக் கொஞ்சம் மாற்றச் சொல்லி, தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். இளைஞர் இன்னொருமுறை வீசினார், மறுபடியும் மணல். இவர் பொறுமையாக மறுபடியும் பேசினார். அதற்கடுத்த வீச்சில் பந்து உடைமரங்களுக்கு மேலே எழும்பி, கடல் இருக்கும் திசையில் வெள்ளைப் புள்ளியாகப் போனது. அந்த இளைஞர் வாய்விட்டுச் சிரித்து, இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டில் என் வீட்டுக்காரர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டார். இங்கே அவர் முகமே வேறாக இருந்தது. என் பக்கத்தில் வந்து நின்ற அண்ணனும் அதைக் கவனித்திருக்கிறான். "இங்கன இவரு வேற ஆளா இருக்காருளா" என்றான்.

உச்சிவேளையில் எல்லோரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். நேரமாகிறது என்று அண்ணன் ஜாடை காட்டினான். அப்போது மேனேஜர் விருந்தாளிகளிடம், இப்போதெல்லாம் வேலைக்கு ஆளே கிடைப்பதில்லை, எல்லோரும் துறைமுகத்துக்கு ஓடிவிடுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். என்னால் அடக்க முடியவில்லை.

"ஆளு கெடைக்கலன்னு சொல்லுதீயளே சார், இருந்த ஆளுவ ஏன் போனாவன்னு கேட்டீயளா? ஆட்டம் இல்லாத நாளு எங்க அடுப்பு எரிய வேண்டாமா? இவரும் இன்னைக்குத் துறைமுகத்துக்குத்தான் போறாரு. கூட்டிட்டுப் போவத்தான் நான் வந்தேன்."

மேனேஜர் திகைத்துப்போய் இவர் பக்கம் திரும்பி, "நீரும் போறீரா?" என்றார். இவர் தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "போவணும்னு ஆசை இல்ல சார். இருக்கதுக்கு வழி இல்ல."

முதலில் வாய் திறந்தது அந்த இளைஞர்தான். தங்கள் எஸ்டேட் கிளப்பில் கேடிகளுக்கு மாதச் சம்பளம் உண்டு என்றும், ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவருக்கு அதற்கெனத் தனிச் சம்பளம் என்றும் சொன்னார். மேனேஜர், ஆட வந்திருந்த எங்கள் கிளப் தலைவரைத் தனியே அழைத்துப்போய் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, அடுத்த மாதம் முதல் இங்கேயும் அப்படியே செய்வதாகச் சொன்னார்.

வாய்வார்த்தையை நம்பிக் கிடைத்த வேலையை விடுவதா என்று அண்ணன் என் காதில் கிசுகிசுத்தான். எனக்கும் அதே பயம்தான். ஆனால் இவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் வா என்றால் மறுபேச்சில்லாமல் வந்துவிடுவார் என்பது தெரிந்தது. அதனாலேயே என்னால் கூப்பிட முடியவில்லை. "ஒங்களுக்கு இதான் புடிச்சிருக்குன்னா இருங்க" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் விறுவிறுவென்று போய் சைக்கிளில் ஏறினான். மேனேஜர் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடினார். தோளில் மட்டைப் பை தொங்கிக்கொண்டிருப்பதையே அவன் மறந்திருந்தான். அத்தனை பேரும் சிரித்ததில் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சொன்ன சொல்லை மேனேஜர் காப்பாற்றினார். இன்னும் ஆள் வேண்டுமே என்று அவர் என்னையே கேட்டபோது, மழைக்காலத்தில் உப்பளம் மூடிவிட்டால் பெண்கள் வேலையில்லாமல் இருப்பதைச் சொன்னேன். முதலில் தயங்கினார். பிறகு என் மதினியும் சிநேகிதிகளும் வந்தார்கள். பை தூக்கப் பெண்களா என்று முகம் சுளித்த அதிகாரிகளும், தொலைந்த பந்துகள் உடனுக்குடன் கிடைக்க ஆரம்பித்ததும் பேசாமல் இருந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஆட்டத்தின் விதிகளை என் வீட்டுக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார். துறைமுகத்துக்குப் போனவர்களில் சிலரும் திரும்பி வந்தார்கள். எனக்கு மைதானத்தை மேற்பார்வை பார்க்கிற வேலை கிடைத்தது. தலை நரைக்கும்வரை அதைப் பார்த்தேன்.

பல வருஷம் கழித்து என் சின்ன மகன், கேட்டால் ஒன்றும் புரியாத ஏதோ ஒரு வேலைக்குப் போகப்போவதாக வந்து நின்றான். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான். ஒருநாள் உன்கூட வந்து, நீ வேலை செய்கிறதைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஒருவரின் வேலையை நல்லது கெட்டது என்று சொல்வதற்கு முன்னால், அந்த வேலையில் இருக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பதை, அந்த மணல்காட்டில் நின்றுதான் நான் தெரிந்துகொண்டேன்.